பழைய வீட்டுக் கணினிக்கு எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா, ரேமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி, அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய லேப்டாப். இவற்றில் ஏதோ ஒன்று வீட்டில் இருந்து, தூக்கிப் போடவும் மனமில்லாமல் புதிது வாங்கவும் பட்ஜெட் இல்லாமல் இருப்பவர்களுக்கான பக்கம் இது. விலை எதையும் இங்கே எழுதவில்லை. 2025 இறுதியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் (வேலை நடக்கும்போது டேட்டாவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி), எஸ்எஸ்டி (சுற்றும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) விலை தாறுமாறாக ஏறிக்கிடக்கிறது. இன்று எழுதும் விலை அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

சிஸ்டம் ரொம்ப மெதுவாக இருக்கிறது. 1 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி மாட்டினால் வேகமாகுமா?

ஆகாது. அதிகம் வரும் கேள்வியும் இதுதான், அதிகம் வீணாகும் பணமும் இதில்தான். எக்ஸ்டெர்னல் டிஸ்க் பொருள்களை வைத்துக்கொள்ள இடம் தரும், வேகம் தராது. சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டுகிறது என்றால், படங்களையும் வீடியோக்களையும் வெளியே மாற்றினால் கொஞ்சம் மூச்சு விடும். அவ்வளவுதான்.

மெதுவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க். லேப்டாப்பில் இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டு, அதாவது நொடிக்கு 90 சுற்று. விண்டோஸ் ஒரு கோப்பைக் கேட்டால், படிக்கும் முனை அந்தத் தடத்துக்கு நகர வேண்டும், அப்புறம் தேவையான இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிய சிறு கோப்புகள் என்றால், நொடிக்கு நூறு கோரிக்கைகளை முடிப்பதே பெரிய விஷயம். விண்டோஸ் துவங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். எஸ்எஸ்டியில் சுற்றும் பாகம் எதுவும் இல்லை. சாட்டா (டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் வழக்கமான முறை) வகைச் சாதாரண எஸ்எஸ்டிகூட நொடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகளை முடிக்கும். அதனால்தான் அதே பழைய ப்ராசஸர், அதே பழைய ரேமை வைத்துக்கொண்டு எஸ்எஸ்டி மட்டும் மாற்றினாலே வேறு மெஷின் மாதிரி ஓடுகிறது.

எனவே வரிசை இதுதான்: முதலில் உள்ளே ஒரு எஸ்எஸ்டி. ரேம் 4 ஜிபியோ அதற்குக் குறைவோ என்றால் அடுத்தது ரேம். எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் பேக்கப்புக்கு. அதைத் தனிச் செலவாக நினையுங்கள், வேகத்தோடு சேர்க்காதீர்கள்.

என் சிஸ்டத்தில் குறை டிஸ்க்கிலா, ரேமிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே பாருங்கள். டிஸ்க் என்ற பத்தி நிமிடக்கணக்கில் 100 சதவீதத்திலேயே நின்றால், அதுதான் குற்றவாளி. மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது என்றால் ரேம் போதவில்லை. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. ரேம் தீர்ந்ததும் விண்டோஸ் டிஸ்க்கையே தற்காலிக ரேமாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும், டிஸ்க் இன்னும் திணறும்.

சிபியூ 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் இந்தப் பக்கம் உங்களுக்கு அதிகம் உதவாது. ஆன்டிவைரஸ் இரண்டு போட்டு வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். ப்ராசஸர் விசிறியில் தூசி அடைத்துச் சூடேறி வேகம் குறைவதும் நம் ஊர் வெயிலில் சகஜம்.

எந்த வயது மெஷின் வரைக்கும் செலவு செய்யலாம்?

முதலில் போர்டு எது என்று பார்க்க வேண்டும். சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் மெயின்போர்டு, ரேம், ப்ராசஸர் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

பெண்டியம் 4 காலத்து மெஷின், அகலமான ஐடிஇ கேபிள், டிடிஆர்1 ரேம் என்றால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் டேட்டாவை எடுத்துக்கொண்டு விடைகொடுங்கள்.

கோர் 2 டுவோ, டுவல் கோர் என்று ஜி31, ஜி41 போர்டுகளில் ஓடியவை எல்லையில் நிற்பவை. ஜி31-இல் அதிகபட்சம் 4 ஜிபி ரேம், ஜி41-இல் 8 ஜிபி. கையில் எஸ்எஸ்டி ஏற்கெனவே சும்மா இருந்தால் போட்டு, விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் ஏற்றலாம். புதிதாக வாங்கிப் போடுவதென்றால், பின்னால் கழற்றி வேறு மெஷினுக்கு மாற்றிக்கொள்ளும் எண்ணத்தோடு வாங்குங்கள்.

இன்டெல் இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5 முதல், அதாவது 2011-க்குப் பிறகு வந்தவை, தாராளமாகச் செலவுக்குத் தகுதியானவை. நம் ஊரில் அசெம்பிள்டு டெஸ்க்டாப்புகளில் அதிகம் காணப்படும் எச்61 போர்டு இந்தக் கூட்டம்தான். டைப்பிங், டேலி, யூடியூப், ஆன்லைன் வகுப்பு, ரயில் டிக்கெட், இதற்கெல்லாம் 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் அது இன்னும் சில வருடம் ஓடும்.

2011 செப்டம்பரில் துவங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் மாடலுக்கு மாடல் வேறுபடும். முதல் சில வருடங்களில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம்தான். பின்பக்க மூடியைத் திறந்து ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, டிஸ்க் 2.5 இஞ்ச் சாட்டாவா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவதே நல்லது.

எச்61 போர்டில் சாட்டா 2 தான் இருக்கிறதாம். எஸ்எஸ்டி போட்டால் வீண் என்கிறார் கடைக்காரர்.

வீண் இல்லை. சாட்டா 2-இன் வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட், நடைமுறையில் 270, 280 எம்பி வரை கிடைக்கும். எஸ்எஸ்டி பெட்டியில் போட்டிருக்கும் 550 எம்பி வராது என்பது உண்மை. ஆனால் அந்த 550, பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் படிக்கும்போதுதான். நீங்கள் உணரும் வேகம் சிறு கோப்புகளில் இருக்கிறது. அதற்குச் சாட்டா 2 தாராளம். பழைய ஹார்டு டிஸ்க் அதே போர்டில் சிறு கோப்புகளுக்கு நொடிக்கு 1 எம்பியைத் தொடுவதற்கே தடுமாறிக்கொண்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இதனாலேயே பழைய போர்டுக்கு விலை கூடிய எஸ்எஸ்டி தேவையில்லை. பெயர் தெரிந்த கம்பெனியின் சாதாரண மாடல் போதும். பெயரே கேள்விப்படாத கம்பெனியின் 128 ஜிபி எஸ்எஸ்டிகள் ஆன்லைனில் மலிவாக வரும், ஒதுங்கிப் போங்கள்.

எவ்வளவு ஜிபி எஸ்எஸ்டி வாங்கலாம்?

240 அல்லது 256 ஜிபி. விண்டோஸ், ஆபீஸ், டேலி, இரண்டு மூன்று பிரவுசர் எல்லாம் போட்டாலும் பாதி காலியாக இருக்கும். 120 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும், நிரம்பிய எஸ்எஸ்டி எழுதும் வேகத்தில் தளர்ந்தும் போகும். 500 ஜிபி வாங்க வசதி இருந்தால் நல்லதுதான். டெஸ்க்டாப்பில் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றாமல் டி டிரைவாக வைத்துக்கொள்ளலாம் என்பதால் அங்கே அவசியம் இல்லை.

டெஸ்க்டாப் கேபினெட்டில் 2.5 இஞ்ச் எஸ்எஸ்டிக்கு இடம் இல்லையே என்று கவலை வேண்டாம். தகடு தனியாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிவிடலாம், உள்ளே அசைவதற்கு எதுவும் இல்லை. சாட்டா டேட்டா கேபிள் ஒன்று மட்டும் மறக்காமல் சேர்த்து வாங்குங்கள். எஸ்எஸ்டி பெட்டியில் பெரும்பாலும் இருக்காது.

லேப்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி? எம்.2 என்கிறார்கள், என்விஎம்இ என்கிறார்கள்.

2016-க்கு முந்தைய லேப்டாப் என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக 2.5 இஞ்ச் சாட்டாதான். பழைய டிஸ்க்கைக் கழற்றிய அதே இடத்தில் உட்காரும். தடிமன் 7 மில்லிமீட்டர்.

அதற்குப் பிந்தைய லேப்டாப்பில் சூயிங்கம் பட்டை அளவில் எம்.2 ஸ்லாட் இருக்கலாம். இங்கேதான் குழப்பம். எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இயும் உண்டு. சில லேப்டாப்களின் ஸ்லாட் சாட்டாவை மட்டும் ஏற்கும். அதில் என்விஎம்இயைச் செருகினால் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. லேப்டாப் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப் என்றால் இன்னொரு வழி: டிவிடியைக் கழற்றி, அந்த இடத்தில் கேடி என்ற தட்டில் பழைய ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாம். கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என இரண்டு தடிமனில் வருகிறது, அளந்து வாங்க வேண்டும். எஸ்எஸ்டியை டிஸ்க் இருந்த இடத்தில் போட்டு, டிஸ்க்கைக் கேடியில் போடுவதே சரி. மாற்றிச் செய்தால் சில லேப்டாப்கள் கேடியிலிருந்து பூட் ஆகாது.

பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்றலாமா, புதிதாக ஏற்ற வேண்டுமா?

இரண்டும் முடியும். அப்படியே நகலெடுக்க, அதாவது குளோன் செய்ய, குளோன்சில்லா என்ற மென்பொருள் இலவசம். சில எஸ்எஸ்டி கம்பெனிகள் தங்களுக்கென ஒரு மென்பொருளும் தருகின்றன. டேலி போல லைசென்ஸ் சிக்கல் உள்ளவை இருந்தால் குளோன் வசதி. மற்றபடி எட்டு வருடக் குப்பை சேர்ந்த விண்டோஸை அப்படியே புது வீட்டுக்குத் தூக்கிப்போவதில் எனக்கு விருப்பம் இல்லை. புதிதாக ஏற்றுங்கள்.

பழைய போர்டுகளில் பயாஸுக்குள் (விண்டோஸ் துவங்கும் முன்பே திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) சாட்டா மோட் என்று ஒரு அமைப்பு இருக்கும். அது ஐடிஇ என்று இருந்தால், விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்பே ஏஎச்சிஐ என்று மாற்றிவிடுங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால் நீலத்திரை வந்து நிற்கும்.

பயாஸுக்குள் போன கையோடு தேதியையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்கே போகிறது என்றால் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் பாதி இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்காது. சிஸ்டமே போய்விட்டது என்று நினைத்துப் பலர் சர்வீஸுக்குத் தூக்கிப்போகும் இந்தக் கோளாறு, ஒரு பொட்டு பேட்டரியில் சரியாகிவிடும்.

ரேம் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், அமுக்கிப் பார்க்காதீர்கள். டெஸ்க்டாப் ரேம் நீளம், லேப்டாப் ரேம் பாதி நீளம். இதெல்லாம் கடைக்காரருக்கே தெரியும். அவர் சொல்லாமல் விடக்கூடியவை சில உண்டு.

ஒன்று, ஜி41 போர்டுக்கான 4 ஜிபி டிடிஆர்3. இந்த போர்டு பழைய வகைச் சிப்புகளையே புரிந்துகொள்ளும். ரேம் பட்டையின் இரண்டு பக்கமும் எட்டெட்டாக மொத்தம் 16 சிப்பு இருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் எட்டு சிப்பு மட்டும் உள்ள 4 ஜிபி ரேமைச் செருகினால் பூட் ஆகாது, அல்லது பாதி அளவுதான் காட்டும். ரேம் கெட்டது என்று திருப்பிக் கொடுப்பார்கள். ரேமில் பழுதே இருக்காது.

இரண்டு, ஆன்லைனில் மலிவாக வரும் டிடிஆர்2 4 ஜிபி. ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள். இன்டெல் போர்டில் வேலை செய்யாது.

மூன்று, டிடிஆர்3எல். இது 1.35 வோல்ட்டில் ஓடுவது. சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றுக்கு எல் வகைதான் வேண்டும். எல் வகையை 1.5 வோல்ட் மெஷினிலும் போடலாம். ஆகவே லேப்டாப்புக்கு டிடிஆர்3 வாங்குவதென்றால் எல் வகையாகவே கேளுங்கள்.

ரேம் கூட்டியும் 3.2 ஜிபிக்கு மேல் காட்டவில்லை என்றால் விண்டோஸ் 32 பிட் ஆக இருக்கும். 64 பிட் ஏற்ற வேண்டும்.

டிடிஆர்3 ரேமைப் பயன்படுத்தியதாக வாங்குவதில் தப்பில்லை. ரேமில் தேய்மானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எஸ்எஸ்டியையும் ஹார்டு டிஸ்க்கையும் மட்டும் செகண்ட்ஹேண்டில் வாங்காதீர்கள்.

ப்ராசஸர் மாற்றலாமா?

எச்61-இல் பெண்டியம் அல்லது ஐ3 இருந்து, பழைய ஐ5 ஒன்று மலிவாகக் கிடைத்தால் மாற்றலாம். மூன்றாம் தலைமுறை என்றால் பயாஸ் அப்டேட் வேண்டியிருக்கலாம். எஸ்எஸ்டி போட்ட பிறகும் குறை தெரிந்தால் மட்டும் யோசியுங்கள்.

சரி, எக்ஸ்டெர்னல் டிஸ்க்குக்கு வருவோம். எந்த பிராண்ட் நல்லது?

உலகில் இன்று ஹார்டு டிஸ்க் தயாரிப்பவர்கள் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. வேறு எந்தப் பெயரில் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கினாலும் உள்ளே இருப்பது இவர்களில் ஒருவருடையதுதான். ஆளுக்கு ஒரு பிராண்டைத் திட்டுவார்கள், அவரவருக்கு எது செத்ததோ அதை. பிராண்டைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு.

வகை இரண்டு. கையடக்கமானது 2.5 இஞ்ச், யூஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பெரியது 3.5 இஞ்ச், தனி அடாப்டர் வேண்டும், ஒரு ஜிபிக்கு ஆகும் விலை குறைவு. வீட்டுக்குக் கையடக்கமானதே வசதி. அடாப்டர் ஒன்றைப் பத்து வருடம் தொலைக்காமல் வைத்திருப்பது நம்மால் ஆகாது. தவிர, திடீர் மின்வெட்டில் யூபிஎஸ் இல்லாத வீட்டில் அந்த அடாப்டரும் சேர்ந்து அணையும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு போகும்.

இன்னொன்று, எஸ்எம்ஆர். தடங்களைக் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று லேசாகப் படியவைத்து அதிக டேட்டாவை அடைக்கும் முறை இது. ஒன்றைத் திருத்த வேண்டுமானால் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். அதனால் நூறு, இருநூறு ஜிபியைத் தொடர்ந்து காப்பி செய்தால் முதலில் வேகமாகப் போய், பிறகு திடீரென்று படுத்துவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசை டிஸ்குகள் சிலவற்றில் இதைச் சொல்லாமலே பயன்படுத்தியது வெளியாகிப் பெரிய சலசலப்பு ஆனது. கையடக்க டிஸ்குகளில் 1 டிபிக்கு மேல் போனால் இப்போது பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான். பேக்கப்புக்குப் பரவாயில்லை. அதையே உள்ளே போட்டு விண்டோஸ் ஓட்ட நினைக்காதீர்கள்.

வாரண்டி எத்தனை வருடம் என்று பாருங்கள், பில்லைப் படம் எடுத்து வையுங்கள். வாரண்டி என்பது டிஸ்க்குக்கு மட்டும். புது டிஸ்க் தருவார்கள். உங்கள் கல்யாண வீடியோவைத் தரமாட்டார்கள்.

என் சிஸ்டத்தில் யூஎஸ்பி 2.0 தான். புது டிஸ்க் வேலை செய்யுமா?

செய்யும், வேகம்தான் குறையும். யூஎஸ்பி 2.0-இல் நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 எம்பி. 500 ஜிபி காப்பி செய்ய நான்கு மணி நேரம் ஆகும். யூஎஸ்பி 3.0-இல் அதே டிஸ்க் நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் போவதால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நீல நிற போர்ட் இருந்தால் அது பெரும்பாலும் 3.0. பெட்டியில் 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்றெல்லாம் போட்டிருப்பது அதே 3.0-இன் புதுப் பெயர்தான், அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருந்தால் யூஎஸ்பி 3.0 கார்டு ஒன்றை மாட்டிவிடலாம். மாதம் ஒருமுறை பேக்கப் எடுக்கிறவருக்கு அதுவும் தேவையில்லை, இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

வேகத்தைவிட மின்சாரம்தான் பிரச்சினை. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும்போது அதிகம் கேட்கும். லைட் எரிகிறது, டிக் டிக் என்று சத்தம் வருகிறது, சிஸ்டத்தில் காட்டவில்லை என்றால் முதலில் கேபினெட் முன்பக்கத்திலிருந்து எடுத்துப் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். முன்பக்க போர்ட்டுக்கு உள்ளே ஒரு மெல்லிய கேபிள் போகிறது, அதில் வோல்ட்டேஜ் குறையும். நீட்டிப்பு கேபிள், மலிவு ஹப் எல்லாம் கூடாது.

1 டிபி வாங்கினேன். 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. கம்பெனி ஆயிரத்தால் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. எல்லா டிஸ்க்கும் இப்படித்தான்.

ஆன்லைனில் 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி இரண்டாயிரம் ரூபாய்க்குள் வருகிறதே?

அதுதான் ஏமாற்று. பெட்டிக்குள் ஒரு மெமரி கார்டையோ பென் டிரைவ் சிப்பையோ வைத்து, 16 டிபி என்று பொய் சொல்லும்படி கண்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். காப்பி செய்தால் எல்லாம் போனது போலவே காட்டும். உண்மையான அளவு 64 ஜிபி என்றால், அதைத் தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதாமலே எழுதினேன் என்று சொல்லும். கோப்புப் பெயர்கள் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. விற்பனைப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் குவிந்திருக்கும். வாங்கிய அன்றே நட்சத்திரம் போடுகிறவர்கள் அதை நிரப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சந்தேகமான எந்த டிஸ்க்கையும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதிக்கலாம். முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். நேரம் ஆகும், ஆனால் பொய் சொல்லாது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள்.

என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், ஃபேட்32: எதில் ஃபார்மேட் செய்வது?

விண்டோஸில் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட், ஆனால் எழுதும்போது கேபிள் பிடுங்கினாலோ மின்சாரம் போனாலோ அது சீக்கிரம் கெடும். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது, பெரிய வீடியோ ஏறாது. பழைய டிவியில் போட்டுப் படம் பார்க்க வேண்டும் என்றால் டிவி கையேட்டைப் பாருங்கள். எக்ஸ்ஃபேட் தெரியாத டிவிகள் நிறைய. டிவியில் செருகியதும் டிஸ்க்கைத் துவக்கட்டுமா, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டால் ரிமோட்டை வீட்டுக் குழந்தைகள் கையிலிருந்து வாங்கிவிட்டு வேண்டாம் என்று அழுத்துங்கள். டிவி பதிவு செய்வதற்காக முழு டிஸ்க்கையும் அழிக்கக் கேட்கும் கேள்வி அது.

பழைய எக்ஸ்பி மெஷின் இன்னும் ஓடுகிறவர்கள் 2 டிபிக்குள் வாங்குங்கள். அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஜிபிடி என்ற பகிர்வு முறை வேண்டும். சாதாரண 32 பிட் எக்ஸ்பிக்கு அது தெரியாது.

போட்டோக்களைப் பத்திரமாக வைக்க எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டி நல்லதா, ஹார்டு டிஸ்க்கா?

கீழே விழுந்தால் தாங்குவது எஸ்எஸ்டி. பையில் போட்டுக்கொண்டு தினமும் அலைபவர் அதை வாங்கலாம். பீரோவில் வைத்துப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எடுத்துப் பார்ப்பதற்கு ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி டேட்டாவை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது. மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் வைத்தால், அதுவும் தேய்ந்த எஸ்எஸ்டி சூடான அறையில் இருந்தால், அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். ஹார்டு டிஸ்க்கின் காந்தப் பதிவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதே பணத்துக்கு இடமும் பல மடங்கு. எனவே உள்ளே ஓடுவதற்கு எஸ்எஸ்டி, வெளியே சேமிக்க ஹார்டு டிஸ்க் என்று வைத்துக்கொள்வேன்.

எஸ்எஸ்டி போட்டதும் கழற்றிய பழைய லேப்டாப் டிஸ்க்கை என்ன செய்வது?

2.5 இஞ்ச் யூஎஸ்பி 3.0 கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டால் எக்ஸ்டெர்னல் டிஸ்க் தயார். ஆனால் முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பாருங்கள். குட் என்று நீலத்தில் காட்டினால் சரி. காஷன் என்று மஞ்சளில் காட்டினால், ரீஅலகேட்டட் செக்டர், கரண்ட் பெண்டிங் செக்டர் என்ற வரிகளில் எண் ஏறியிருக்கும். டிஸ்க்கின் பரப்பு பழுதாகிறது என்று பொருள். அதில் படம் பார்க்கலாம், பேக்கப் வைக்கக் கூடாது. குட் என்று காட்டினாலும் எட்டு வருடம் ஓடிய டிஸ்க்கை ஒரே பிரதிக்கு நம்ப வேண்டாம். இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேஸில் ஒரு நன்மை உண்டு. கேஸில் உள்ள சர்க்யூட் கெட்டால் டிஸ்க்கைக் கழற்றி நேரடியாகச் சாட்டாவில் மாட்டலாம். கடையில் வாங்கும் பல போர்ட்டபிள் டிஸ்குகளில் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், சாட்டா முனையே இருக்காது. அந்த முனை உடைந்தால் சாதாரண சர்வீஸ் கடையில் ஒன்றும் செய்ய முடியாது. கேபிளைச் செருகியபடி டிஸ்க்கைத் தூக்கித் தொங்கவிடாமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு.

டிஸ்க் கட்டக் கட்டக் என்று அடிக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகுமா?

வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும். பின்பக்க போர்ட், வேறு கேபிள் இரண்டையும் ஒரு முறை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அடித்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். படிக்கும் முனை பழுதாகியிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டும். டேட்டா முக்கியம் என்றால் ரெக்கவரி நிபுணரிடம் கொடுக்க வேண்டும், அதற்கு இன்னும் மூன்று டிஸ்க் வாங்கும் காசு ஆகலாம். தெருமுனைக் கடையில் திறந்து பார்க்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள். தூசி புகாத அறையில் மட்டுமே திறக்க வேண்டிய பொருள் அது.

எல்லாவற்றையும் எக்ஸ்டெர்னலுக்கு மாற்றிவிட்டேன். இப்போது பேக்கப் ஆகிவிட்டது இல்லையா?

இல்லை. சிஸ்டத்திலிருந்து அழித்துவிட்டு எக்ஸ்டெர்னலில் மட்டும் வைத்தால் அது இடமாற்றம். பேக்கப் என்றால் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பொதுவான விதி. வீட்டுக்கு வெளியே என்பதற்கு கிளவுடுதான் வேண்டும் என்றில்லை. ஊரில் அம்மா வீட்டில் ஒரு டிஸ்க் வைத்து, போகும்போதெல்லாம் புதுப்பித்தாலும் போதும். சென்னையில் 2015 வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கிய வீடுகளில், கணினியும் பக்கத்து மேசையில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்தான் கிடந்தன. டிஸ்க்கை எப்போதும் மாட்டியே வைக்காமல் வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதே. பழைய மெஷினுக்குச் செலவு செய்வதில் அர்த்தம் உண்டா?

2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனாளர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். குறுக்குவழியில் ஏற்றித் தருகிறார்கள். ஓடும், ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. கோர் 2 டுவோவில் குறுக்குவழியும் கிடையாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அந்த ப்ராசஸர்களில் இல்லாத கட்டளைகளை விண்டோஸ் கேட்பதால் பூட்டே ஆகாது.

விண்டோஸ் 7-இலேயே தொடர்கிறவர்கள் கவனிக்க: குரோம் அதற்கு 109-ஆம் பதிப்போடு 2023-இல் நின்றுவிட்டது. வங்கி வேலைக்கு அந்த மெஷின் வேண்டாம்.

பிரவுசர், ஆபீஸ், வீடியோ மட்டும் போதும் என்கிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை யோசிக்காமல் சொல்வேன். 4 ஜிபி ரேமில் சுகமாக ஓடும், மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, தமிழ் தட்டச்சும் வரும். டேலி, சில அரசுத் தளங்களின் டிஜிட்டல் கையொப்பம் போன்றவை வேண்டும் என்றால் விண்டோஸை விட முடியாது. எப்படியானாலும் இன்று வாங்கும் சாட்டா எஸ்எஸ்டியும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கும் அடுத்த மெஷினுக்கும் வரும். டிடிஆர்3 ரேம் வராது. அதனால்தான் ரேமுக்கு மட்டும் கையை இறுக்கிச் செலவு செய்யச் சொல்கிறேன்.

பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா?

அழித்துவிட்டுக் கொடுங்கள். டெலிட் செய்வதும் குயிக் ஃபார்மேட்டும் அழிப்பதாகாது, இலவச மென்பொருள் ஒன்றே திரும்ப எடுத்துவிடும். ஃபார்மேட் பெட்டியில் குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதுகிறது. 500 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும். எஸ்எஸ்டி என்றால் அதன் கம்பெனி தரும் மென்பொருளில் செக்யூர் எரேஸ் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

ஓடாமலே போன டிஸ்க் என்றால் அழிக்க வழியில்லை. ஆதார் நகல், வங்கி ஸ்டேட்மென்ட் இருந்த டிஸ்க்கை நூறு இருநூறு ரூபாய்க்காகக் கொடுக்காமல், திருகைக் கழற்றித் தட்டை வெளியே எடுத்து ஆணியால் கீறிவிட்டு, மிச்சத்தை மின்கழிவு வாங்குகிறவரிடம் போடுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு சிலவற்றில் கண்ணாடி. உடைத்தால் சிதறும், துணியில் சுற்றிக்கொண்டு செய்யுங்கள்.